ஹிப்னாடிசம் பண்ணி ஆபரேஷன் செய்றது நிஜமா? ஒரு மயக்க டாக்டரோட பதில்

கேள்வி சுருக்கமா இதுதான்: அம்மாவுக்கு தைராய்டு கட்டி ஆபரேஷனுக்கு தேதி குடுத்தாச்சு, அவங்களுக்கு கத்தின்னா கூட பயமில்ல, மயக்க மருந்துன்னாதான் பயம், "முழிக்காமயே போயிட்டா என்ன பண்றது"ன்னு ராத்திரி தூங்கவே மாட்டேங்கிறாங்க, இதுக்கு நடுவுல பெல்ஜியத்துல ஹிப்னாடிசம் பண்ணியே தைராய்டு ஆபரேஷன் முடிக்கிறாங்கன்னு ஒரு வீடியோ கண்ல பட்டிருக்கு, அது நிஜமா பித்தலாட்டமா, நம்ம ஊர்ல கேட்டா பண்ணுவாங்களா?

நிஜம்தான். ஆனா அந்த வீடியோல "மருந்தே இல்லாம"ன்னு சொல்லியிருந்தா அது மட்டும் பொய். நான் பதினஞ்சு வருஷமா மயக்க டாக்டரா இருக்கேன் (அனஸ்தீஷியாலஜிஸ்ட்னு சொன்னா எங்க வீட்லயே யாருக்கும் வாயில நுழையாது, சொந்தக்காரங்களுக்கு நான் "ஊசி போட்டு தூங்க வைக்கிறவன்" அவ்ளோதான்). ஹிப்னாடிசத்துல முறையா பயிற்சி எடுத்தவன் கிடையாது, ஆனா ரொம்ப நாளா இதப் பத்தி படிச்சிட்டு இருக்கேன், அதுல ஒரு சின்னத் துண்ட எடுத்து ஆபரேஷன் தியேட்டர்ல தினமும் பயன்படுத்துறேன். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

பெல்ஜியத்துல லியேஜ்னு ஒரு ஊரு, அங்க யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரியில மேரி எலிசபெத் ஃபேமோன்வில்னு ஒரு மயக்க டாக்டர் அம்மா 1992ல இத ஆரம்பிச்சாங்க. பேரு ஹிப்னோசெடேஷன். இப்போ வரைக்கும் அங்க பல ஆயிரம் பேருக்கு பண்ணியாச்சு, அதுல தைராய்டு ரொம்ப முக்கியமான ஐட்டம். மூணு விஷயம் சேர்ந்துதான் இது ஓடுது. வெட்டுற இடத்துல சர்ஜன் மரத்துப் போற ஊசி போட்டுக்கிட்டே போவார், ட்ரிப்ஸ் வழியா வலிக்கும் பதட்டத்துக்கும் கொஞ்சூண்டு மருந்து ஓடும், மூணாவதுதான் ஹிப்னாசிஸ். மூணுல எத உருவினாலும் மிச்சம் ரெண்டும் தள்ளாடும்.

எப்படி பண்றாங்கன்னா, ஆபரேஷனுக்கு முன்னாடியே பேஷன்ட்கிட்ட உக்காந்து பேசி, உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு நினைவு சொல்லுங்கன்னு கேட்டு வாங்கி வச்சுக்குவாங்க. இதுல டாக்டரோட கற்பனைக்கு வேலை இல்ல. எல்லாருக்கும் பொதுவா "நீங்க ஒரு கடற்கரையில இருக்கீங்க"ன்னு ஆரம்பிச்சா கதை கந்தல், ஏன்னா எதிர்ல படுத்திருக்கறவங்க கடல்ல முங்கப் பாத்தவங்களா கூட இருக்கலாம், நமக்கெப்படி தெரியும். அப்புறம் தியேட்டருக்குள்ள வழக்கமான எல்லாமே உண்டு, கையில ஊசி, விரல்ல ஆக்சிஜன் கிளிப், பி.பி. பட்டை, ஈசிஜி, பக்கத்துல முழு மயக்கத்துக்கான மருந்தும் ட்யூபும் ரெடியா. அதுக்கப்புறம் ஏதாவது ஒரு புள்ளிய உத்துப் பாக்கச் சொல்லி, மூச்ச மெதுவா விடச் சொல்லி, உடம்பு ஒவ்வொரு பாகமா தளர விடச் சொல்லி, அப்படியே அந்த நினைவுக்குள்ள கூட்டிட்டுப் போவாங்க. எல்லாமே நிகழ்காலத்துலதான் பேசணும். "அன்னிக்கு போனீங்கல்ல"ன்னு சொல்லக்கூடாது, "இப்ப நடந்து போறீங்க, கால்ல மண்ணு சூடா இருக்கு"ன்னு சொல்லணும். குரல் ஒரே தாளத்துல, மெதுவா, காதுக்குப் பக்கத்துல இருக்கணும். பேஷன்டுக்கு ஏதாவது சங்கடமா இருந்தா காட்டுறதுக்கு ஒரு சைகை முன்னாடியே பேசி வச்சிருப்பாங்க, அது வந்த உடனே இன்னும் கொஞ்சம் மரத்துப் போற ஊசி இல்ல கொஞ்சம் மருந்து.

இதுல யாரும் கவனிக்காத ஆள் சர்ஜன். தூங்கற பேஷன்ட இழுக்கற மாதிரி இவங்கள இழுக்க முடியாது. தசைய மெதுவா ஒதுக்கணும், எதுவும் வெடுக்குன்னு பண்ணக்கூடாது, நர்சுகிட்ட "அந்த கத்திய குடும்மா"ன்னு சத்தமா கேக்கக்கூடாது, போன் அடிக்கக்கூடாது, ஸ்டீல் ட்ரே கீழ விழக்கூடாது. நம்ம ஊர் தியேட்டர்ல ஒரு காலைப் பொழுது நின்னு பாத்தவங்களுக்கு இதப் படிச்சா சிரிப்பு வரும். அதனாலதான் சொல்றேன், ஹிப்னோசெடேஷன்ங்கறது ஒரு டாக்டரோட திறமை மட்டும் கிடையாது, ரூம்ல இருக்கற அத்தன பேரும் ஒத்துழைக்கணும்.

தைராய்டுக்கு ஏன் இது தோதுன்னா, கழுத்துல மேலாப்புல இருக்கற உறுப்பு, மரத்துப் போற ஊசியாலயே பெரும்பகுதி வலிய அடக்கிடலாம். இன்னொண்ணு, குரல்நாணுக்கு போற நரம்பு அந்த இடத்த ஒட்டித்தான் ஓடுது, அதுல கை பட்டா குரல் கெட்டுப் போயிடும். பேஷன்ட் முழிச்சிருந்தா பேசச் சொல்லிப் பாக்கலாம். 2014ல பாரிஸ் பக்கத்துல க்ரெதேய்ங்கற ஊர்ல, ஆன்ரி மாண்டோர் ஆஸ்பத்திரியில, அலாமா கான்தேன்னு கினி நாட்டுப் பாடகி ஒருத்தங்களுக்கு தொண்டையில கட்டி எடுத்தாங்க, அந்தம்மா ஹிப்னாசிஸ்ல இருந்துக்கிட்டே ஆபரேஷன் நடக்கும்போது பாட்டு பாடினாங்க, அந்தச் செய்தி உலகம் பூரா சுத்துச்சு. பாடகிக்கு குரல் போனா பொழப்பே போச்சு, அதனால அங்க அதுக்கு ஒரு நியாயமான காரணம் இருந்துது, வித்தை காட்ட பண்ணல.

ஆனா வயித்தத் திறந்து குடல் ஆபரேஷன், நெஞ்சத் திறக்கறது, இதெல்லாம் இந்த முறையில நடக்காது. மரத்துப் போற ஊசியால அடக்க முடியாத இடத்துல ஹிப்னாசிஸ் மட்டும் வச்சு பண்றேன்னு யாராவது சொன்னா ஓடி வந்துருங்க.

சரி, உள்ள என்னதான் நடக்குது? முதல்ல, அது தூக்கம் இல்ல. சினிமாவுல பெண்டுலத்த ஆட்டி "உறங்கு"ன்னு சொன்ன உடனே தலை தொங்குமே, அது வேற. ஹிப்னாசிஸ்ல இருக்கறவங்களுக்கு நம்ம பேசறது கேக்கும், சர்ஜன் கழுத்துல ஏதோ பண்றது தெரியும், ஆனா அது அவங்களுக்கு ஒரு பொருட்டா இருக்காது. ஒரு உதாரணம் சொல்றேன். ஆடி மாசம் தெருமுனை அம்மன் கோயில்ல குழாய் ஸ்பீக்கர் கட்டி காலைல நாலு மணிக்கு பாட்டு போடுவாங்கல்ல. பரீட்சைக்கு படிக்கறவனுக்கு அது சித்திரவதை. கூழ் ஊத்தற வீட்டு அம்மாவுக்கு அது பண்டிகை. ஸ்பீக்கர் ஒண்ணுதான், சத்தமும் ஒண்ணுதான். வலியிலயும் அப்படித்தான் ரெண்டு பங்கு இருக்கு, எவ்ளோ குத்துதுங்கறது ஒண்ணு, அது எவ்ளோ தாங்க முடியலங்கறது இன்னொண்ணு.

இத சும்மா வாய் வார்த்தையா சொல்லல. 1997ல கனடாவுல மான்ட்ரியல்ல ரெய்ன்வில்னு ஒருத்தர் குழுவா சேர்ந்து பண்ண ஆராய்ச்சி சயன்ஸ் இதழ்ல வந்துது. ஆட்கள கையை 47 டிகிரி சுடுதண்ணிக்குள்ள வைக்கச் சொல்லிட்டு, ஹிப்னாசிஸ்ல "இது அவ்ளோ சங்கடமா இல்ல"ன்னும், இன்னொரு தடவை "இது ரொம்ப சங்கடமா இருக்கு"ன்னும் சொல்லி, மூளைய ஸ்கேன் பண்ணிப் பாத்தாங்க. தண்ணி அதே சூடு. சூட்ட உணர்ற பகுதியில பெருசா மாத்தம் இல்ல, ஆனா மூளையோட நடுவுல முன்பக்கமா சிங்குலேட்னு ஒரு பகுதி இருக்கு, அது மட்டும் சொன்ன வார்த்தைக்கு ஏத்த மாதிரி ஏறி எறங்குச்சு. உடம்புக்குள்ள சுரக்கற, மார்ஃபின் மாதிரி வலிய அடக்கற சரக்குதான் இதுக்குக் காரணமோன்னு 1975லயே பாத்துட்டாங்க, அத முறிக்கற நலாக்சோன் மருந்த போட்டும் ஹிப்னாசிஸ்ல வர்ற வலிக்குறைவு போகல. அப்போ இது வேற ரூட்டு.

எல்லாருக்கும் ஒரே மாதிரி ஏறாதுங்கறதயும் சொல்லிடணும். நூத்துல பத்துப் பதினஞ்சு பேரு சட்டுன்னு ஆழமா போயிடுவாங்க, கிட்டத்தட்ட அதே அளவு பேருக்கு என்ன பண்ணினாலும் ஒண்ணும் ஆகாது, மிச்சப் பேரு நடுவுல. இதுக்கும் மனசு பலவீனமா பலமாங்கறதுக்கும் சம்பந்தமே இல்ல.

இந்தக் கதையில இந்தியாவுக்கு ஒரு பெரிய பங்கு இருக்கு, அத விட்டுட்டு போக மனசு வரல. 1845 ஏப்ரல் 4, வங்காளத்துல ஹூக்ளி. அங்க கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டர் ஜேம்ஸ் எஸ்டெயில்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர், ஒரு கைதிக்கு விதைப்பைல நீர் கோத்துக்கிட்டதுக்கு வைத்தியம் பண்றார். அப்போ ஆபரேஷனுக்கு மயக்க மருந்து குடுக்கறது இன்னும் பழக்கத்துக்கு வரல, நாலு பேரு அமுக்கிப் பிடிச்சுக்கணும், அவ்ளோதான். எஸ்டெயில் மெஸ்மரிசம்னு (கைலேர்ந்து காந்தம் மாதிரி ஒரு சக்தி பாஞ்சு ஆள மயக்கும்னு நம்பின பழைய முறை) படிச்சத முயற்சி பண்ணிப் பாத்தார், அது வேலை செஞ்சுது, அப்புறம் யானைக்கால் நோயால விதைப்பை பூசணிக்கா மாதிரி வீங்கினவங்களுக்கெல்லாம் அப்படியே ஆபரேஷன் பண்ண ஆரம்பிச்சார். 1846ல சர்க்கார் கமிட்டி போட்டு பாத்தாங்க, சில பேஷன்டுங்க நெளிஞ்சாங்க, முகம் சுளிச்சாங்க, ஆனா முழிச்சதும் ஒண்ணும் தெரியலன்னு சொன்னாங்கன்னு ரிப்போர்ட் வந்துது, நவம்பர்ல கல்கத்தாவுல இதுக்குன்னே ஒரு ஆஸ்பத்திரியும் குடுத்தாங்க.

இதுல என்னை உறுத்தற விஷயம் ரெண்டு. இருட்டு ரூம்ல பேஷன்ட் தலைமாட்டுல உக்காந்து மணிக்கணக்கா முகத்துக்கு மேலயும் உடம்புக்கு மேலயும் கைய நீவி நீவி அந்த நிலைக்கு கொண்டு வந்தது எஸ்டெயில் இல்ல, அங்க வேலை பாத்த நம்ம நாட்டு கம்பவுண்டர் பசங்க, ஹிந்துவும் முஸ்லிமும். பேரு மட்டும் அவருக்குப் போச்சு. ரெண்டாவது, அந்த முதல் ஆளு கைதி. துரை வந்து கத்தியோட நிக்கும்போது ஒரு கைதி வலிக்குதுன்னு சொல்வானா, வலிக்கலன்னு சொல்வானா? எஸ்டெயில் பொய் சொன்னார்னு நான் சொல்ல வரல, அவ்ளோ பெரிய கட்டிய அறுக்கும்போது யாராலயும் நடிக்க முடியாது. ஆனா அந்த ரிப்போர்ட்ட படிக்கும்போது இத மனசுல வச்சுத்தான் படிக்கணும்.

பாவம் அவரோட நேரம் சரியில்ல. கல்கத்தா ஆஸ்பத்திரி தொறக்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடி, 1846 அக்டோபர் 16ல, அமெரிக்காவுல பாஸ்டன்ல மார்ட்டன்ங்கற பல் டாக்டர் ஈதர்ங்கற மயக்க மருந்த முகர வச்சுக் காட்டிட்டார். டிசம்பர்ல லண்டன்ல லிஸ்டன்ங்கற சர்ஜன் ஈதர் குடுத்து ஒருத்தரோட கால வெட்டி எடுத்துட்டு, இந்த யாங்கி (அமெரிக்காக்காரன்) தந்திரம் மெஸ்மரிசத்த தூக்கி சாப்பிட்டுடுச்சுன்னு சொன்னார்னு எங்க படிப்புல எல்லாருக்கும் சொல்லிக் குடுப்பாங்க. மறு வருஷம் குளோரோஃபார்மும் வந்துருச்சு. மணிக்கணக்கா கைய நீவறது எங்க, ரெண்டு நிமிஷம் முகர வைக்கறது எங்க. மெஸ்மரிசம் ஓரம் போச்சு, நியாயமாத்தான் போச்சு. இதுக்கெல்லாம் முன்னாடியே மான்செஸ்டர்ல ஜேம்ஸ் பிரெய்டுன்னு ஒரு டாக்டர் 1843லயே, கைலேர்ந்து காந்தமும் பாயல ஒண்ணும் பாயல, எல்லாம் கவனத்த ஒரே இடத்துல குவிக்கறதுதான்னு எழுதி ஹிப்னாடிசம்ங்கற பேர பரப்பி விட்டார், இன்னிக்கு லியேஜ்ல பண்றது அந்த வழியில வந்ததுதான்.

இப்ப ஆதாரத்துக்கு வரேன். 2000ல லான்செட் இதழ்ல எல்விரா லாங்ங்கற ரேடியாலஜி டாக்டர் 241 பேர வச்சு பண்ணினது வந்துது. ரத்தக்குழாய்லயும் கிட்னியிலயும் ஊசி, ட்யூப் விட்டுப் பண்ற வைத்தியம், ஆள் முழிச்சேதான் இருப்பாங்க. சும்மா வழக்கம்போல பாத்துக்கிட்டவங்களுக்கு நேரம் போகப் போக வலி ஏறிக்கிட்டே போச்சு, ஹிப்னாசிஸ் பண்ணவங்களுக்கு அது ஏறாம அப்படியே நின்னுச்சு, மருந்தும் பாதிக்கும் கீழதான் தேவைப்பட்டுச்சு, வேலையும் சராசரியா 78 நிமிஷத்துக்குப் பதிலா 61 நிமிஷத்துல முடிஞ்சுது. 2007ல நியூயார்க் மவுன்ட் சினாய்ல மான்ட்கோமரி குழு, மார்பக ஆபரேஷனுக்குப் போற 200 பொண்ணுங்கள்ல பாதிப் பேருக்கு ஆபரேஷனுக்கு முன்னாடி வெறும் 15 நிமிஷம் ஹிப்னாசிஸ் குடுத்தாங்க, அவங்களுக்கு மயக்க மருந்து குறைவா போதுமா இருந்துது, வலி, குமட்டல், அசதி எல்லாம் குறைஞ்சுது, ஆஸ்பத்திரிக்கும் ஆளுக்கு 772 டாலர் மிச்சம்.

ஆனா அதே 15 நிமிஷ ஹிப்னாசிஸ பிரான்சுல 150 மார்பகப் புற்றுநோய் பேஷன்டுங்களுக்குப் பண்ணி 2018ல வெளியிட்டாங்க, அதுல முக்கியமா பாக்க நினைச்ச வலி குறையவே இல்ல, அசதி மட்டும் கொஞ்சம் குறைஞ்சுது. இத யாரும் வீடியோ போட மாட்டாங்க. என்னோட கணக்கு என்னன்னா, முழு மயக்கம் குடுக்கற ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு கால் மணி நேரம் பேசறதுல கெடைக்கற பலன் சில இடத்துல இருக்கும் சில இடத்துல இருக்காது, முழிச்சிருக்கும்போது கூடவே இருந்து பேசறதுக்குத்தான் பலம் ஜாஸ்தி.

இத எழுதி முடிச்ச கையோட இதுக்கு நேர் எதிரான ஒண்ண சொல்றேன், திட்டாதீங்க. 2020ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஜெர்மனிக்காரங்க பண்ணினது, அஞ்சு ஆஸ்பத்திரி, 385 பேரு, எல்லாரும் முழு மயக்கத்துல. காதுல இயர்போன மாட்டி, ஒரு பாதிப் பேருக்கு மெல்லிசான இசையோட தைரியம் சொல்ற பேச்ச ஓட விட்டாங்க, மிச்சப் பேருக்கு வெறும் காலி டேப்பு. யாருக்கு எது ஓடுதுன்னு தியேட்டர்ல இருக்கறவங்களுக்கும் தெரியாது. முதல் 24 மணி நேரத்துல அந்தப் பேச்சு ஓடினவங்களுக்கு மார்ஃபின் வகை மருந்து 34 சதவீதம் குறைவா தேவைப்பட்டுச்சு. தூங்கறவங்க காதுக்கு! இத படிச்ச நாள்லேர்ந்து, பேஷன்ட் மயக்கத்துல இருக்கும்போது "என்னடா இவ்ளோ கொழுப்பு"ன்னு யாராவது ஆரம்பிச்சா நான் தொண்டையக் கனைப்பேன்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆராய்ச்சி லாங் 2005ல போட்டதுதான். ஊசி போடறதுக்கு முன்னாடி "கொஞ்சம் வலிக்கும்", "சுருக்குன்னு எரியும்"னு எச்சரிக்கறோம்ல, அப்படி எச்சரிச்சா வலியும் பயமும் கூடத்தான் செய்யுதாம், வலிச்சப்புறம் ஐயோ பாவம்னு ஆறுதல் சொன்னாலும் பயம் கூடுதாம். இத படிச்சப்ப எனக்கு கூச்சமாப் போச்சு. வேலைக்கு வந்த புதுசுல முதுகுல ஊசி போடறதுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் "பல்ல கடிச்சுக்கோங்கம்மா, ஒரே ஒரு குத்து"ன்னு சொல்லிட்டிருந்தவன் நான். சிசேரியனுக்கு வந்த ஒரு பொண்ணு நான் அப்படிச் சொன்ன உடனே விறைச்சு முதுக வில்லு மாதிரி பின்னால வளைச்சுட்டா, நாலு தடவை குத்த வேண்டியதாப் போச்சு. தப்பு அந்தப் பொண்ணோட முதுகுல இல்ல. இப்பல்லாம் "பூனை சுருண்டுக்கற மாதிரி முதுக வளைச்சுக்கோங்க, மருந்து போகும்போது இடுப்புக்குக் கீழ கதகதன்னு இருக்கும், எப்ப தெரியுதுன்னு எனக்கு சொல்லுங்க"ன்னு சொல்றேன். பொய் ஒண்ணும் சொல்லல, கவனிக்க வேற ஒரு வேலை குடுக்கறேன்.

சும்மா அன்பா இருந்தா போதும்னும் நினைச்சுக்காதீங்க. அதே லாங் 2008ல போட்ட இன்னொரு ஆராய்ச்சியில, ஒரு குழுவுக்கு ஹிப்னாசிஸ் இல்லாம வெறும் அனுசரணை மட்டும் காட்டினாங்க, அவங்களுக்குத்தான் பி.பி. ஏறறது மாதிரி தொல்லைங்க ஜாஸ்தியா வந்து அந்தப் பகுதிய பாதியிலயே நிறுத்த வேண்டியதாப் போச்சு. கைய பிடிச்சுக்கிட்டு "பயப்படாத பயப்படாத"ன்னா ஆளு பயத்துலயேதான் நிப்பாங்க. போறதுக்கு ஒரு இடம் குடுக்கணும்.

சங்ககிரி பக்கத்து லாரி டிரைவர் ஒருத்தர், தொடை எலும்புக்கு பிளேட் வைக்கற ஆபரேஷன், முதுகுல ஊசி போட்டாச்சு, கால் மரக்கட்டை. வலி துளி கூட இல்ல, ஆனா எலும்புல ட்ரில் போடற சத்தம் கேட்ட உடனே மனுஷன் உடம்பு நடுங்குது, நாடித்துடிப்பு 130. குறட்டை ஆசாமி வேற, கழுத்து குட்டை, தூக்க மருந்து தாராளமா குடுத்தா மூச்சு அடைக்கும். தலைமாட்டுல ஸ்டூல போட்டு உக்காந்து "அண்ணே, சிமென்ட் லோடு ஏத்தியாச்சு, பெங்களூர் போறோம், இப்ப வண்டி எங்க நிக்குது"ன்னு கேட்டேன். மொதல்ல முழிச்சார். அப்புறம் "சேலம் தாண்டியாச்சுங்க"ன்னார். ஸ்டியரிங் எப்படி இருக்கு, கண்ணாடியில என்ன தெரியுதுன்னு ஒண்ணொண்ணா கேட்டேன், ஓமலூர் வந்துச்சு, டோல்கேட் வந்துச்சு, கண்ண மூடிக்கிட்டார், கை ரெண்டும் லேசா அசையுது. சரியா அடுத்த ட்ரில் சத்தம் வந்தப்ப நான் ஒண்ணுமே சொல்லல, அவராவே "தொப்பூர் ஏத்தம் சார், ரெண்டாவது கியர்ல இழுக்குது"ன்னார். மானிட்டர்ல 88. கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர்ல டீக்கு நிறுத்தினப்போ தையல் போட்டுட்டு இருந்தாங்க. இத முறையான ஹிப்னாசிஸ்னு நான் சொல்ல மாட்டேன், வலிய அடக்கினது முதுகு ஊசிதான், ஆனா அந்த நடுக்கத்த நிறுத்தினது தொப்பூர்தான்.

உங்க அம்மா விஷயத்துக்கு வரேன். நம்ம ஊர்ல தைராய்டு ஆபரேஷன் வழக்கமா முழு மயக்கத்துலதான், ஹிப்னோசெடேஷன் கேட்டா பெரும்பாலான இடத்துல உங்கள ஒரு மாதிரி பாப்பாங்க. பயிற்சி இல்லாத குழுவ வற்புறுத்தி பண்ண வைக்கவும் வேணாம், முழு மயக்கம் இன்னிக்கு நல்ல பாதுகாப்பான விஷயம், அந்தத் தேதிய தள்ளாதீங்க. மேடையில ஹிப்னாடிசம் காட்டறவங்க, "ஒரே சிட்டிங்ல பயம் போயிடும்"னு போர்டு வச்சிருக்கறவங்க, அவங்ககிட்டயும் கூட்டிட்டுப் போகாதீங்க. மனநோய்க்கு மாத்திரை எடுக்கறவங்களா இருந்தா அந்த டாக்டர கேக்காம யார்கிட்டயும் ஹிப்னாசிஸ் வேணவே வேணாம்.

செய்யக்கூடியது என்னன்னா, ஆபரேஷனுக்கு முன்னாடி மயக்க டாக்டர் ஒரு தடவை வந்து பாப்பார், பி.பி. மாத்திரை, சுகர் மாத்திரை, எத்தன மணியிலேர்ந்து வெறும் வயிறு எல்லாம் சொல்வார், அப்ப அம்மாவே வாயத் தொறந்து "எனக்கு முழிக்காம போயிடுவேனோன்னு பயமா இருக்கு"ன்னு அவர்கிட்ட நேரா சொல்லட்டும், நீங்க குறுக்க பேசாதீங்க. மருந்து போடும்போது கூட ரெண்டு வார்த்தை பேச முடியுமான்னு கேளுங்க, நாங்க பாதிப் பேரு மாட்டேன்னு சொல்ல மாட்டோம். அதுக்கு முன்னாடி வீட்ல, விளக்கணைச்சப்புறம், அவங்களுக்கு எந்த எடம் ரொம்பப் பிடிக்கும்னு கேட்டு வைங்க, நீங்க நினைக்கற இடம் வேணாம், அவங்க வாயால வரட்டும், அங்க என்ன வாசனை, காலுக்குக் கீழ என்ன, பக்கத்துல யாரு, எல்லாம் கேளுங்க, ஒரு நாலஞ்சு ராத்திரி அதையே மெதுவா மூச்சு விட்டுக்கிட்டே நினைச்சுப் பழகட்டும். முகத்துல மாஸ்க் வைக்கும்போது டாக்டர் ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் எண்ணச் சொல்லலாம், எண்ண வேணாம்னு சொல்லுங்க, அந்த இடத்துக்குப் போகட்டும்.